ரெயிலை விட்டு இறங்கினால் எதிரே கால்வாய்!
வெனிஸ் நகரில் முதல் நாள்

மோட்டார் கார் நுழைய முடியாத பெரிய நகரம் ஒன்று இன்றைக்கும் ஐரோப்பாவில் இருக்கிறது. அங்கே லாரி கிடையாது, ஸ்கூட்டர் கிடையாது. சைக்கிள் மிதித்தாலும் அபராதம். ஆனால் அந்த நகரத்துக்குள் ரெயில் போகிறது!

இத்தாலி நாட்டில் உள்ள வெனிஸ்தான் அது.

கடலை ஒட்டி ஒரு பெரிய காயல். நம் பழவேற்காடு ஏரியைப் போல, கடல் தண்ணீர் உள்ளே வந்து போகும் ஆழமில்லாத நீர்ப்பரப்பு. அதன் நடுவே 118 சின்னச் சின்னத் தீவுகள். தீவுகளை இணைக்க 400-க்கு மேற்பட்ட பாலங்கள். தீவுக்கும் தீவுக்கும் நடுவே ஓடுகிற கால்வாய்கள்தான் அந்த ஊரின் சாலைகள். ஆம்புலன்சும் படகு, தீயணைப்பு வண்டியும் படகு. பிணம் போவதும் படகில்தான். இடுகாடே ஒரு தனித் தீவு.

1979-ல் வந்த 'தி கிரேட் காம்ப்ளர்' இந்திப் படத்தைப் பார்த்தவர்களுக்கு இந்த ஊர் புதிது அல்ல. அமிதாப் பச்சனும் ஜீனத் அமனும் நீண்ட கறுப்புப் படகில் உட்கார்ந்து போகும் பாட்டுக் காட்சி வெனிசில் எடுத்ததுதான். மும்பையில் அந்தப் பாட்டைக் கேட்காத சால் உண்டா?

சினிமாவில் பாட்டுக்குத் தேவையானது மட்டுமே தெரியும். காலை ரெயிலில் ஏறி இந்த ஊருக்குள் போகிறவர்களுக்கு வேறொரு வெனிஸ் தெரியும்.

இரண்டு நிலையங்கள்

புதிதாகப் போகிறவர்கள் முதலில் குழம்புவது பெயரில். வெனிஸ் என்று தொடங்கும் பெரிய நிலையங்கள் இரண்டு. ஒன்று வெனேசியா மெஸ்த்ரே. இது கரையில், தரைமேல் இருக்கிற ஊர். இன்னொன்று வெனேசியா சாந்தா லூசியா. இதுதான் தண்ணீருக்கு நடுவே உள்ள கடைசி நிலையம். பெயரைப் பாதி படித்துவிட்டு மெஸ்த்ரேயில் மூட்டையோடு இறங்குகிறவர்கள் உண்டு. கால்வாயைத் தேடினால் எதிரே பஸ் நிலையம்தான் தெரியும்!

கையில் காசு குறைவாக உள்ளவர்கள் வேண்டுமென்றே மெஸ்த்ரேயில் தங்குகிறார்கள். தீவில் அறை வாடகை மிக அதிகம். மெஸ்த்ரேயிலிருந்து சாந்தா லூசியாவுக்கு ரெயிலில் பத்து, பன்னிரண்டு நிமிடம். கட்டணம் சுமார் ஒன்றரை யூரோ. ஒரு யூரோ ஏறக்குறைய 100 ரூபாய் என்று வைத்துக் கொண்டால் 150 ரூபாய்.

இங்கே ஒரு எச்சரிக்கை. காகித டிக்கெட் வாங்கினால் மட்டும் போதாது. நடைமேடையில் சின்ன எந்திரம் ஒன்று இருக்கும். அதில் டிக்கெட்டைச் சொருகித் தேதியும் நேரமும் அச்சிட்டுக் கொண்டுதான் ஏற வேண்டும். உள்ளூர் ரெயில் டிக்கெட்டில் குறிப்பிட்ட வண்டி என்று இருப்பதில்லை. அச்சு இல்லாவிட்டால் அதே டிக்கெட்டை நாளைக்கும் காட்டலாம் அல்லவா? அதற்காகத்தான் இந்த ஏற்பாடு. அச்சிடாத டிக்கெட்டோடு பிடிபட்டால் அபராதம். "தெரியாது" என்ற பதில் எந்த நாட்டு டிக்கெட் பரிசோதகரிடமும் எடுபடாது.

யார் அந்தக் கூட்டம்?

காலை ரெயிலில் கேமரா தொங்கவிட்டவர்கள் கொஞ்சம்தான். அந்தக் கூட்டம் ஒன்பது மணிக்கு மேல் வருகிறது. அதற்கு முன்னால் வருகிறவர்கள் வேலைக்குப் போகிறவர்கள். ஓட்டல் அறையைக் கூட்டுகிற பெண்கள், சமையல்காரர்கள், தட்டு கழுவுகிறவர்கள், கடைச் சிப்பந்திகள், பள்ளி ஆசிரியர்கள், அலுவலகக் குமாஸ்தாக்கள். கல்யாணிலும் விராரிலும் ஏறி நகரத்துக்கு வரும் கூட்டத்தை நினைத்துக் கொள்ளுங்கள். நெரிசல் அவ்வளவு இல்லை. ஆனால் முகத்தில் அதே அரைத் தூக்கம்.

வங்காள தேசத்துக்காரர்கள் பலர் அதில் உண்டு. மெஸ்த்ரேயில் அவர்கள் பெரிய சமூகமாகவே வாழ்கிறார்கள். பக்கத்தில் உள்ள மார்கேரா கப்பல் கட்டும் தளத்தில் பலருக்கு வேலை. தீவில் உள்ள ஓட்டல்களின் சமையல் அறைகளிலும் அவர்கள் இருக்கிறார்கள். இத்தாலியச் சாப்பாடு என்று பயணிகள் புகழ்ந்து சாப்பிடுவதைச் சமைத்த கை டாக்கா பக்கத்துக் கையாகவும் இருக்கலாம்.

வெனிசில் வேலை பார்க்கிறவர்கள் ஏன் வெனிசில் குடியிருப்பதில்லை? குடியிருந்தார்கள். 1951-ல் அந்தத் தீவு நகரத்தில் சுமார் 1 லட்சத்து 75 ஆயிரம் பேர் வாழ்ந்தார்கள். 2022-ல் அது 50 ஆயிரத்துக்குக் கீழே போய்விட்டது. குடித்தனக்காரருக்கு மாத வாடகைக்கு விடுவதைவிட, பயணிகளுக்கு நாள் வாடகைக்கு விட்டால் வீட்டுக்காரருக்கு லாபம். வீடுகள் ஒவ்வொன்றாக விடுதிகள் ஆயின. ஈரம், வெள்ளம், மாடிப்படி ஆகிய தொல்லைகளும் சேர்ந்து கொண்டன. குடும்பங்கள் கரை ஏறி மெஸ்த்ரேக்குப் போய்விட்டன. 2023-ல் இன்னொரு கணக்கு வெளிவந்தது. அந்த ஊரில் குடியிருப்போரின் எண்ணிக்கையைவிடப் பயணிகளுக்கான படுக்கைகளின் எண்ணிக்கை அதிகமாகிவிட்டதாம்!

கடலின் மேல் 222 வளைவுகள்

மெஸ்த்ரேயை விட்ட சில நிமிடங்களில் இரண்டு பக்கமும் தரை மறைந்துவிடுகிறது. ஜன்னலுக்கு வெளியே தண்ணீர்தான். ராமேசுவரம் போனவர்களுக்குப் பாம்பன் பாலம் நினைவுக்கு வரும். பாம்பன் ரெயில் பாலம் 1914-ல் திறக்கப்பட்டது. வெனிஸ் பாலம் அதற்கு 68 வருடம் மூத்தது. 1846-ல் திறந்தார்கள். மூன்றரை கிலோமீட்டருக்கு மேல் நீளம். இரும்பு அல்ல, செங்கல்லும் கல்லும் கொண்டு கட்டிய 222 வளைவுகள். கட்டிய காலத்தில் வெனிஸ் ஆஸ்திரியாவின் ஆட்சியில் இருந்தது. இத்தாலியோடு சேர்ந்தது 1866-ல்தான்.

அதற்கு முன்பு ஆயிரம் வருடத்துக்கு மேலாக அங்கே போகப் படகைத் தவிர வேறு வழியே இல்லை. தண்ணீரே மதில். அதை நம்பித்தான் ஒரு குடியரசு அத்தனை காலம் நின்றது. 1797-ல் நெப்போலியனிடம் வீழ்ந்தது.

பாலம் வந்த இரண்டே வருடத்தில் வெனிஸ் மக்கள் ஆஸ்திரியாவை எதிர்த்துக் கிளம்பினார்கள். மறு வருடம், 1849-ல், எதிரிப் படை உள்ளே வந்துவிடக் கூடாது என்று தங்கள் புதுப் பாலத்தின் வளைவுகள் சிலவற்றைத் தாங்களே தகர்த்தார்கள். பசியும் காலராவும் சேர்ந்து வாட்ட, அந்த ஆண்டு ஆகஸ்டில் சரண் அடைந்தார்கள். வளைவுகள் மறுபடி கட்டப்பட்டன. இன்று ஓடும் ரெயிலில் யாரும் அதை நினைப்பதாகத் தெரியவில்லை.

ரெயில் முதலில், ரோடு பிறகு. இதிலும் பாம்பனோடு ஒற்றுமை. பாம்பனில் ரோடு பாலம் 1988-ல் வந்தது. வெனிசில் ரெயில் பாலத்தை ஒட்டி ரோடு பாலம் வந்தது 1933-ல். காரும் பஸ்சும் தீவின் விளிம்பில் உள்ள பியாசாலே ரோமா என்ற சதுக்கத்தோடு நிற்க வேண்டும். அதற்கு மேல் ஒரு அடியும் போக முடியாது.

நிலையத்துப் படிக்கட்டு

சாந்தா லூசியா என்பது ஒரு புனிதையின் பெயர். அந்தப் புனிதைக்கு அந்த இடத்தில் ஒரு கோவில் இருந்தது. ரெயில் நிலையத்துக்கு இடம் வேண்டும் என்று 1861-ல் அதை இடித்தார்கள். புனிதையின் உடலைப் பக்கத்துக் கோவிலுக்கு மாற்றினார்கள். பெயர் மட்டும் நிலையத்துக்கு நின்றுவிட்டது. இப்போதுள்ள தட்டையான கட்டடம் 1950-களில் முடிந்தது. பார்க்க ஒன்றும் இல்லை.

ஆனால் வாசலைத் தாண்டினால் மூச்சு நின்றுவிடும். அகலமான படிக்கட்டு. படிக்கட்டுக்குக் கீழே ஆட்டோ நிறுத்தம் இருக்க வேண்டிய இடத்தில் பெருங்கால்வாய். எதிர்க் கரையில் பச்சைக் கும்மட்டத்தோடு ஒரு கோவில். நடுவே படகு பஸ்கள், காய்கறிப் படகுகள், மூட்டை ஏற்றிய படகுகள், குப்பைப் படகுகள்.

முதல் நாள் பயணிக்கு இங்கே இரண்டு வழி. படகு பஸ் ஒன்று. ஒன்றாம் நம்பர் படகு பெருங்கால்வாய் முழுவதும் நின்று நின்று போகும். மார்க் சதுக்கம் போய்ச் சேர முக்கால் மணி நேரம். ஆனால் ஒரு தடவைக்கு ஒன்பதரை யூரோ, அதாவது 950 ரூபாய்! 75 நிமிடம் செல்லும். உள்ளூர்க்காரர்களுக்கு இதில் சிறு பங்குதான் கட்டணம்.

இன்னொரு வழி, நடப்பது. இதற்குக் காசு இல்லை. சுவர் மூலைகளில் மஞ்சள் பலகைகள் ரியால்தோ இந்தப் பக்கம், சான் மார்க்கோ அந்தப் பக்கம் என்று அம்புக்குறி காட்டும். அரை மணிக்குச் சற்று மேல் நடந்தால் போய்ச் சேரலாம். வழி தப்பும். தப்பினால் ஒன்றும் கெட்டுவிடாது. ஊரே அவ்வளவுதான்.

மரத்தின் மேல் மாளிகை

கல் மாளிகைகள் தண்ணீரிலிருந்து நேராக எழுந்து நிற்கின்றன. கீழே பாறை இல்லை, சேறு. எப்படி நிற்கின்றன?

மரக் கட்டைகளை நெருக்கமாகச் சேற்றில் அடித்து, கீழே உள்ள கெட்டிக் களிமண்வரை இறக்கினார்கள். அதன்மேல் பலகை. பலகைமேல் உப்புத் தண்ணீர் அரிக்காத வெள்ளைக் கல். அதற்கு மேல் செங்கல் சுவர். மரம் தண்ணீரில் அழுகாதா? சேற்றுக்குள் காற்று போவதில்லை. காற்று இல்லாத இடத்தில் மரத்தை அரிக்கும் கிருமிகள் வேகமாக வேலை செய்ய முடிவதில்லை. அதனால் நூற்றுக்கணக்கான வருடம் தாங்குகிறது. 1591-ல் முடிந்த ரியால்தோ கல்பாலத்துக்கு அடியில் சுமார் 12 ஆயிரம் கட்டைகள். 1630-ல் கொள்ளைநோய் வந்து, அது தீர்ந்ததற்கு நன்றியாகக் கட்டிய சலூத்தே கோவிலுக்கு அடியில் பத்து லட்சத்துக்கு மேல் என்று சொல்கிறார்கள். அந்தக் கோவிலில் நுழையக் கட்டணம் இல்லை. முதல் நாளில் கட்டாயம் பார்க்கலாம்.

சுற்றிலும் தண்ணீர், குடிக்க இல்லை

தெருக்கள் நடுவே சின்னச் சின்னத் திடல்கள் வரும். திடலுக்கு நடுவில் மூடி போட்ட கல் கிணறு நிற்கும். அலங்காரம் என்று நினைத்துப் படம் எடுத்துக் கொண்டு போய்விடுகிறார்கள். அந்த ஊர் உயிர் பிழைத்ததே அதனால்தான்.

காயல் நீர் உப்பு. தோண்டினாலும் நல்ல ஊற்று இல்லை. ஆகவே திடலுக்கு அடியில் பெரிய குழி தோண்டி, தண்ணீர் கசியாதபடி களிமண் பூசி, உள்ளே மணலை நிரப்பினார்கள். தரையில் விழும் மழை ஓட்டைகள் வழியே இறங்கி, மணலில் வடிந்து, நடுக் கிணற்றில் சேரும். மழை பொய்த்தால் ஆற்றிலிருந்து படகில் நல்ல தண்ணீர் வரும். தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு நின்றவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கரையிலிருந்து குழாய்த் தண்ணீர் 1884-ல்தான் வந்தது. இப்போது திடல்களில் குழாய் நீர் இலவசம். பாட்டில் வாங்க வேண்டாம்.

தபால்காரர் பாடு

நகரம் ஆறு பேட்டைகள். வீட்டு எண் தெருவுக்குத் தெரு புதிதாகத் தொடங்குவதில்லை. பேட்டை முழுவதற்கும் ஒரே வரிசை. காஸ்தெல்லோ பேட்டையில் எண் ஆறாயிரத்தைத் தாண்டுகிறது! பேட்டைப் பெயரும் எண்ணும்தான் விலாசம். உள்ளூர்க்காரருக்கே கண்டுபிடிப்பது கஷ்டம்.

கூலி வேலைக்காரர்கள் பாடு இதைவிடக் கடினம். ஓட்டலுக்கு வேண்டிய அரிசியிலிருந்து சலவைத் துணிவரை படகில் வந்து இறங்கி, பிறகு கைவண்டியில் போகிறது. பாலங்களுக்கெல்லாம் படிகள். வண்டியின் முன்பக்கம் இரண்டு சிறு சக்கரங்கள் உண்டு. அதை முதலில் படியில் ஏற்றி, பிறகு முழு வண்டியையும் உந்தி ஏற்ற வேண்டும். குப்பையும் இப்படியே கைவண்டியில் வந்து படகு ஏறுகிறது. பாலத்தின் மேல் நின்று படம் எடுக்கிறவர்கள் அந்த வண்டிகளுக்கு வழி விட்டால் பெரிய புண்ணியம்.

ரியால்தோவில் ஒரு எண்

ரியால்தோ பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு மருந்துக் கடை. அதன் ஜன்னலில் சிவப்பு எழுத்தில் ஒரு எண் ஒளிரும். நகரத்தில் இன்று எத்தனை பேர் குடியிருக்கிறார்கள் என்ற கணக்கு அது. 2008-ல் வைத்தார்கள். அன்றிலிருந்து குறைந்து கொண்டே வருகிறது. நகை பார்த்துப் போகிற கூட்டம் இதைப் பார்ப்பதில்லை.

அதே பகுதியில்தான் மார்க்கோ போலோவின் குடும்ப வீடு இருந்ததாகச் சொல்கிறார்கள். 1254-ல் பிறந்தவர். சீனா போய்த் திரும்பும் வழியில் பாண்டிய நாட்டுக் கரைக்கு வந்ததாக அவர் நூல் சொல்கிறது. முத்துக் குளிப்பதையும், அரபு நாட்டுக் குதிரைகள் வந்து இறங்கிய காயல் துறைமுகத்தையும் அதில் விவரித்திருக்கிறார். தூத்துக்குடிப் பக்கத்தில் தாமிரபரணி முகத்தில் உள்ள பழைய காயல்தான் அது என்கிறார்கள். காயல் நடுவே பிறந்தவர் நம் காயலுக்கு வந்து போயிருக்கிறார்!

சதுக்கமும் வெள்ளமும்

புனித மார்க் சதுக்கம் ஊரின் தலைவாசல். மணிக்கூண்டின் உயரம் கிட்டத்தட்ட 99 மீட்டர். பழங்காலத்தது போலத் தெரியும். ஆனால் பழைய கூண்டு 1902 ஜூலை 14-ந் தேதி காலையில் பொலபொலவென்று சரிந்துவிட்டது. ஒருவரும் சாகவில்லை. அதே இடத்தில் அதே வடிவத்தில் மறுபடி கட்டி 1912-ல் திறந்தார்கள்.

சதுக்கத்துக் காப்பிக் கடைகளில் உட்கார்ந்தால் காப்பிக்கு ஒரு விலை, வாத்தியத்துக்கு ஒரு விலை. சந்துக்குள் போய் நின்று கொண்டு குடித்தால் விலை பல மடங்கு குறையும். புறாவுக்குத் தீனி போடக் கூடாது. 2008 முதல் தடை.

ஊரிலேயே தாழ்ந்த இடங்களில் ஒன்று இந்தச் சதுக்கம். கடல் பொங்கினால் முதலில் இங்கேதான் தண்ணீர். 1966 நவம்பர் 4-ல் வெள்ளம் 194 செ.மீ. அளவுக்கு ஏறியது. கீழ்த்தளங்களில் குடியிருந்த ஏழைகள் எல்லாவற்றையும் இழந்தார்கள். அவர்களில் பலர் திரும்பி வரவே இல்லை. 2019 நவம்பர் 12-ல் 187 செ.மீ. காயலின் மூன்று வாய்களிலும் கடலடியில் படுத்துக் கிடந்து, தேவைப்படும்போது எழுந்து நிற்கும் 78 இரும்புக் கதவுகள் 2020 அக்டோபர் 3-ல் முதன்முறையாக வெள்ளத்தைத் தடுத்தன. 500 கோடி யூரோவுக்கு மேல் செலவு. நடுவிலே லஞ்ச ஊழல், கைது எல்லாம் நடந்தது. இருந்தாலும் கதவு வேலை செய்கிறது. வெள்ளத்துக்கு வழி கண்டுபிடித்தார்கள். வாடகைக்கு இன்னும் கண்டுபிடிக்கவில்லை.

கறுப்புப் படகான கொண்டோலாவில் ஏற ஆசையா? அரை மணிக்கு அரசு நிர்ணயித்த கட்டணம் 90 யூரோ, 9 ஆயிரம் ரூபாய்! ஐந்து பேர் சேர்ந்தால் பகிர்ந்து கொள்ளலாம். பாட்டு தனி. அது முடியாதவர்களுக்கு ஒரு வழி உண்டு. பாலம் இல்லாத இடங்களில் பெருங்கால்வாயைக் கடக்க அதே வகைப் படகு ஓடுகிறது. கட்டணம் 2 யூரோ. இரண்டு நிமிடப் பயணம்தான். அமிதாப் பச்சன் ஆக அது போதும்.

நுழைவுக் கட்டணம்

2024 ஏப்ரல் 25 முதல், கூட்டம் மிகுந்த சில நாட்களில், பகலில் வந்து பகலிலேயே திரும்பும் வெளியூர்ப் பயணிகளிடம் 5 யூரோ வசூலித்தார்கள். 2025-ல் நாட்களைக் கூட்டி, கடைசி நேரத்தில் பதிவு செய்தவர்களுக்கு 10 யூரோ ஆக்கினார்கள். ஒரு நகரத்துக்குள் நுழைய டிக்கெட்! ரெயில் நிலைய வாசலிலேயே பரிசோதனை நடந்தது. மெஸ்த்ரே விடுதியில் தங்கியவர்களுக்குக் கட்டணம் இல்லை. மெஸ்த்ரேயும் அதே நகராட்சிதான். ஆனால் முன்பதிவு செய்து சீட்டு வைத்திருக்க வேண்டும். வேலைக்கு வருகிறவர்களுக்கும் விலக்கு.

மாலை ஐந்து மணிக்கு மேல் கூட்டம் நிலையத்தை நோக்கித் திரும்புகிறது. ஏழு மணிக்கெல்லாம் பின் சந்துகளில் காலடிச் சத்தம் கேட்கிறது. மாடி ஜன்னல்களைப் பார்த்துக் கொண்டே நடந்தால், விளக்கு எரிவதைவிட எரியாதவை அதிகம்.

பத்து மணிக்கு மேல் போகும் ரெயிலில் மறுபடியும் காலையில் வந்தவர்கள். சமையல் அறை சாத்தி, தரை கழுவிவிட்டு வருகிறவர்கள். பெரும்பாலோர் ஏறியதும் தூங்கிவிடுகிறார்கள். பாலத்தைக் கடக்கும்போது ஜன்னலில் இருட்டுத் தண்ணீர் தவிர ஒன்றும் தெரிவதில்லை. நள்ளிரவுக்குப் பிறகு சிறிது நேரம் ரெயில் கிடையாது. அப்போது வேலை முடிகிறவர்கள் பியாசாலே ரோமாவரை நடந்து போய் இரவு பஸ் பிடிக்க வேண்டும்.